இறங்காத மெத்தை

படுக்க இடமில்லை என்பதுதான் அம்மா சொல்லிவந்த காரணம். மகள் வேலை கிடைத்து, ஊர் மாறி, இந்த ஒற்றை அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து போனில் இதே பாட்டு. "வரணும்னுதான்டி ஆசை. வந்தா எங்க படுக்கிறது, உன் தலைமேலயா?" என்று சிரிப்பாள். பின்னால் அண்ணன் பிள்ளைகள் கத்துவது கேட்கும். அண்ணன் வீட்டில் அம்மா படுப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒருத்தன் கால் வயிற்றின்மேல் கிடக்கும், இன்னொருத்தி கை முகத்தில் கிடக்கும். அங்கே மட்டும் எப்படியோ இடம் இருந்தது.

அந்தக் காரணத்தைப் பிடுங்கிவிட்டால் அம்மா வேறென்ன சொல்கிறாள் என்று பார்த்துவிடுவோம் என ஒரு விடுமுறை நாளில் மகள் கடைக்குக் கிளம்பினாள்.

கூடாரங்களும் மலையேறும் பைகளும் கூரையிலிருந்து தொங்கிய கடை. காற்று மெத்தை வேண்டும் என்றதும் விற்பனைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

"கேம்பிங்கா மேடம், கெஸ்ட்டுக்கா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கேம்பிங்னா லேசா, தாழ்வா இருக்கணும். முதுகுல தூக்கிட்டுப் போகணும்ல. அதுவும் தரையோட தரையா படுக்கிறதே ஒரு தனி அனுபவம் மேடம்."

"எங்க வீட்ல பரம்பரை பரம்பரையா அந்த அனுபவம்தான். வேற காட்டுங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் பாதி சிரித்தார். அவள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி அடிவரி வரை படித்தாள். அவள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் அடிவரி வரை படிக்க முடிந்த முதல் ஆள் அவள்தான். அந்தப் பழக்கம் விடவில்லை. அம்மாவுக்கு முட்டி மடங்காது. தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் சுவர், நாற்காலி, கடவுள் என்று மூன்றையும் துணைக்குக் கூப்பிடுவாள். ஆகவே நாற்காலி உயரம் இருக்க வேண்டும். ஊதுகிற மோட்டார் மெத்தைக்குள்ளேயே இருக்க வேண்டும். மேல்பக்கம் வெல்வெட் மாதிரி இருந்தால்தான் விரிப்பு நழுவாது. கடையில் ஊதி வைத்திருந்த ஒன்றின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்தும் பார்த்துவிட்டாள். கூடாரம் பார்க்க வந்தவர்கள் இவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உயரமானது திரும்பிப் படுத்தா கொஞ்சம் கீச்சுங்கும் மேடம். அது ஒண்ணுதான் குறை. முன்னாடியே சொல்லிடறேன்."

"கீச்சுங்கட்டும்," என்றாள். அது குறை என்று அவளுக்குப் படவில்லை. அவள் அறையில் இரவில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

அவள் வளர்ந்த வீடும் ஒற்றை அறைதான். ஆனால் அதில் ஐந்து பேர். ஒருவர் புரண்டால் அடுத்தவர் விழிப்பார், அடுத்தவர் விழித்தால் ஷிப்ட் முடிந்து வந்து படுத்த அப்பா விழிப்பார், அப்பா விழித்தால் வீடே விழிக்க வேண்டியதுதான். அதனால் யாராவது இலேசாக நெளிந்தாலே இருட்டிலிருந்து அம்மா குரல் வரும்: "அசையாமப் படுடி." அப்படியே கட்டைபோலத் தூங்கக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இப்போது எழுப்புவதற்கு ஆளே இல்லாத அறையிலும் அவள் ஒரே பக்கமாகப் படுத்து அதே பக்கமாக எழுகிறாள்.

மெத்தை வந்துவிட்டது என்று சொன்னதும் அம்மாவிடம் காரணம் தீர்ந்துபோனது. வந்து இறங்கினாள்.

"ஒரு மாசம் இருக்கணும். சொல்லிட்டேன்."

"பாக்கலாம், பாக்கலாம். முதல்ல தண்ணி குடு."

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடத்தை மகள் இரண்டு முறை கூட்டினாள். ஒரு மணல் துகள் இருந்தால்கூட அடிப்பக்கம் கிழியும். பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் மெத்தையைப் போட்டு, மோட்டாரைத் தட்டினாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இந்த அலறு அலறுது! அட, எழுந்திரிச்சு வருது பாரேன். உங்க அண்ணன் தொப்பை மாதிரியே!"

மெத்தை விறைத்து நின்றதும் மகள் பாடம் எடுக்கத் தொடங்கினாள். புடவையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். வளையலையும் கழற்றிவிடுவது நல்லது. ஓரத்தில் உட்காரக் கூடாது, நடுவில்தான். தொப்பென்று விழக் கூடாது. சூடாக எதையும் மேலே வைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் தளரும், புதுப் பிளாஸ்டிக் நீண்டுகொடுப்பதால் வருவது அது, ஓட்டை என்று பயப்படக் கூடாது. காலையில் மறுபடி ஊதிக்கொள்ளலாம்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளைபோலக் கேட்டாள். "மொத்தத்துல அதுமேல படுக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை கண்விழித்ததும் மகள் கையை நீட்டி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். கல்லுபோல இருந்தது. அம்மா அதற்குள் எழுந்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, அடுப்படியில் நின்றிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியாம்மா?"

"ராணி மாதிரி."

அதற்கடுத்த நாளும் கல்லுபோல இருந்தது. அதற்கடுத்த நாளும். மறுபடி ஊத வேண்டிய தேவையே வரவில்லை. நல்ல சரக்காகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறோம் என்று அவள் தன்னையே மெச்சிக்கொண்டாள். அம்மா திரும்பும் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்த நிம்மதியில் தானும் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறோம் என்று நினைத்தாள்.

அவள் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கடையில். பின்னால் இருக்கும் சின்ன இருட்டறையில் நாளெல்லாம் உட்கார்ந்து கண் சோதிப்பாள். வருகிறவர் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எது தெளிவு என்று கேட்டுச் சொல்வதுதான் பிழைப்பு. முன்பக்க மேசையில் இருக்கும் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயை மூட மாட்டாள்.

"மெத்தை எப்படி இருக்கு? அம்மா குடுத்து வச்சவங்கப்பா," என்றாள் ரேடியோ, டீ குடிக்கும் நேரத்தில்.

"சூப்பரா இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து ஒரு சொட்டுக் காத்து இறங்கல."

"கதை விடாதே. எங்க வீட்ல என் நாத்தனார் வந்து படுத்தா காலைல தரையோட தரையா கெடப்பா. தூக்கி நிறுத்த ரெண்டு ஆள் வேணும். புது மெத்தைல ஆள் படுத்தா இறங்காம இருக்காதுடி. ஆள் படுக்காம இருந்தாத்தான்..." ரேடியோ பாதியில் நிறுத்தினாள். அவள் பாதியில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு இருட்டறையில் உட்கார்ந்த பெரியவரிடம் மகள், "இது தெளிவா, இதுவா?" என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். மறுபடி கேட்டாள். மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது, "ஏம்மா, உனக்கே தெரியலையா?" என்றார்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பளபளத்தது. பாத்திரங்கள் பளபளத்தன. துடைக்க இனி எதுவும் மிச்சமில்லை. மகள் பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டாள். மடித்த பழைய புடவை ஒன்று வந்தது. அடிப்பக்கத்தில் தரைத் தூசு.

"இதுலதான் படுக்கிறியா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? தரையிலயா படுக்கிற? முட்டியை வச்சுக்கிட்டு? நான் கடை கடையா ஏறி, பாத்துப் பாத்து வாங்கி வச்சிருக்கேன். என் காசுல வாங்கினதுல படுக்க உனக்கு உடம்பு கூசுதா? அண்ணன் வீட்ல பிள்ளைங்க கால்ல மிதிபட்டுப் படுக்கத் தெரியுது!"

"கத்தாதடி. திரும்பினா கீச்சுங்குது அது. முதல் நாள் படுத்துப் பாத்தேன். நீ காலைல வேலைக்குப் போகணும். நீ முழிச்சுக்குவியேன்னுதான் இறங்கிட்டேன்."

"நான் முழிச்சா என்ன?"

"என்ன கேள்வி இது? தூக்கம் கெடாதா?"

கெடட்டும் என்றுதான் அதை வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு ஏதோதான் வெளியே வந்தது. "அப்ப எதுக்கு வந்தே? ஊதின மெத்தையை வேடிக்கை பாக்கவா?"

அம்மாவுக்கும் கோபம் ஏறியது. "ஆமா, வேற என்னத்தப் பாக்கறது? நீ காலைல போனா பொழுது சாய்ஞ்சு வர்றே. அங்க ரெண்டும் என்னைப் பிச்சுத் தின்னும், ஆனா பொழுது போறதே தெரியாது. இங்க நாள் பூரா இந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பேச ஒரு நாதி இல்ல. மூச்சு முட்டுது."

"நானும் அந்தச் செவுத்தைத்தான் பாக்கறேன்," என்றாள் மகள். "வந்த நாள்லேர்ந்து."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய்ப் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

அன்று இரவு மெத்தை கீச்சிட்டது. அம்மா எத்தனை முறை புரண்டாளோ அத்தனை முறையும் மகள் விழித்தாள். இவ்வளவு நன்றாக அவள் தூங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

காலையில் அம்மா மெத்தையின் நடுப்பள்ளத்தில் புதைந்து கிடந்தாள். "ஏய், கை குடுடி! வாங்கினதுதான் வாங்கினே, தூக்கிவிட ஒரு கிரேனையும் சேத்து வாங்கியிருக்கலாம்ல!" மகள் இழுத்தாள். இருவருமாகச் சேர்ந்து மறுபடி அதிலேயே விழுந்தார்கள். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்படிக் கிடந்தபோதுதான் போன் அடித்தது. அண்ணன். அண்ணிக்கு வேலை நேரம் மாறிவிட்டதாம். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லையாம். அம்மா, "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 'இங்கேயும் ஒருத்தி இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை வருமா என்று மகள் காத்திருந்தாள். வரவில்லை.

"ஒரு மாசம்னு சொன்னேன்ல?"

"பிள்ளைங்கடி அதுங்க. என்ன தெரியும் அதுங்களுக்கு? நீ படிச்சவ, சம்பாதிக்கிறே, தனியா எல்லாம் பாத்துக்குவே. உனக்கென்ன?"

உனக்கென்ன. பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவள் கையில் வைத்து அனுப்பும் பரிசு இது. படித்துவிட்டால் தனியாகத் தூங்கவும் தெரிந்துவிடும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டிருப்பாள். ஆனால் அம்மா அதற்குள் பையை எடுத்து, கட்டிலுக்கடியிலிருந்த பழைய புடவையை உதறி மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்திருந்தாள். வளையலைப் போட்டுக்கொண்டாள். ஊக்கைக் குத்திக்கொண்டாள்.

"காத்தைப் புடுங்கி எடுத்து வச்சிடு," என்றாள் வண்டி ஏறும்போது. "சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்."

எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்பது மகளுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் பவுடர் தூவி, ஒரே மடிப்பில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, பூச்சி அரிக்காத இடத்தில் வைக்க வேண்டும். அவள் எதையும் செய்யவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி மெத்தையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், சுற்றிக்கொண்டு வந்தாள். மோட்டாரையும் தட்டவில்லை. ஒருமுறை ஆள் படுத்து எழுந்த மெத்தை என்பதால் ஒவ்வொரு நாள் மாலையும் அது இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நடுப்பள்ளம் எது, மற்ற இடம் எது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறை நாள் மதியம். தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மெத்தையின் நடுவில் மெதுவாக உட்கார்ந்து, சாய்ந்து படுத்தாள். பழக்கதோஷத்தில் கட்டையாகக் கிடந்தாள், வெகு நேரம். சுவரைப் பார்த்தாள்.

பிறகு வேண்டுமென்றே ஒரு பக்கமாகப் புரண்டாள். கீச். மறுபக்கம் புரண்டாள். கீச். இன்னும் பலமாக, முழு உடம்பையும் தூக்கிப் போட்டு, மறுபடி, மறுபடி. அறை முழுக்கக் கீச்சிட்டது. அப்புறம் அசையாமல் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

அசையாமப் படுடி என்று யாரும் சொல்லவில்லை.