நாற்பத்தொரு பூட்டுகளும் ஒரு இரும்புப் பெட்டியும்

பூட்டுக்காரி விடுதலையான செவ்வாய்க்கிழமை, கோர்ட்டிலிருந்து அவள் வீடு வரைக்கும் வழியிலிருந்த நாற்பத்தொரு பூட்டுகளும் தாமாகவே திறந்துகொண்டன. பூட்டு ரிப்பேர்தான் அவள் தொழில். நகைக்கடைக்காரரின் இரும்புப் பெட்டியைத் திறந்து நகையை எடுத்துவிட்டாள் என்று வழக்கு. சாட்சி யாருமில்லை, கைரேகை இல்லை, நகையும் கிடைக்கவில்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, இவ்வளவு சுத்தமாக வேறு யாரால் திறக்க முடியும் என்பதுதான் நகைக்கடைக்காரரும் போலீஸும் காட்டிய ஒரே ஆதாரம். பூட்டுக்குள்ளே எண்ணெய் இருந்தது. அவளோ பென்சில் தூளைத் தவிர எதையும் பூட்டில் போடாதவள். சாவிக்கு எண்ணெய் தடவுகிற பழக்கம் அந்தக் கடைத்தெருவிலேயே நகைக்கடைக்காரர் ஒருவருக்குத்தான். அதை யாரும் விசாரிக்கவில்லை. பதினோரு மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

“நிரூபிக்கலன்னுதானே சொன்னாங்க, செய்யலன்னு சொல்லலியே” என்றது தெரு. பூட்டுகள் வேறு திறந்துகொள்ளவே, பேச்சுக்கு ரெக்கை முளைத்துவிட்டது. போலீஸ் மறுபடி பிடித்துக்கொண்டு போனது. லாக்கப் கதவு அவளைக் கண்டதும் திறந்து நின்றது. “இவ எந்தப் பூட்டையாவது தொட்டதைப் பாத்தீங்களா?” என்று நீதிபதி கேட்டார். யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் விடுதலை.

“அண்ணி, கொஞ்ச நாளைக்குப் பின்பக்கச் சந்துல போயிட்டு வாங்களேன்” என்று நாத்தனார் கெஞ்சினாள்.

“நான் எதுக்குடி சந்துல போகணும்? கதவுதான் அவங்களோடது. ரோடு எல்லாருக்கும் பொது.”

தினமும் காலை ஒன்பதரைக்கு நடுரோட்டில், தலையை நிமிர்த்திக்கொண்டு தன் ரிப்பேர் கடைக்கு நடந்தாள். இரண்டு பக்கமும் பூட்டுகள் டக் டக்கென்று திறந்தன. ஒரு நாள் நேராக நகைக்கடைக்குள்ளே நுழைந்து இரும்புப் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெருவே கூடிவிட்டது. ஷோகேஸ் திறந்தது, கல்லாப்பெட்டி திறந்தது, ஒரு பாட்டியம்மாவின் கைப்பைகூடத் திறந்தது. இரும்புப் பெட்டி மட்டும் அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் நின்றாள். அசையவேயில்லை.

“நல்லா பாத்துக்குங்க. ஊருலயே எனக்குத் திறக்காத பூட்டு இது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போனாள்.

அன்று முதல் அந்தப் பெட்டி நகைக்கடைக்காரரின் சாவிக்கும் திறக்கவில்லை. எண்ணெய் ஊற்றினார், வெல்டிங்காரனைக் கூப்பிட்டார், மூன்று வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் அவள் கடை வாசலில் வந்து நின்றார். “நீ வந்து திறந்து குடும்மா. உன்னால மட்டுந்தான் முடியும்.”

“இதைத்தானே கோர்ட்டுலயும் சொன்னீங்க” என்றாள் அவள், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்கேயே அது எடுபடலியே, அண்ணாச்சி.”

பெட்டி இன்னும் மூடித்தான் கிடக்கிறது. அவர் அதன்மேல் பேப்பர் விரித்துச் சாப்பிடுகிறார். ஒன்பதரைக்குக் கதவுகள் திறக்கும்போது தெருக்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.