பதினேழாம் நம்பரின் டூட்டி

டைம்கீப்பர் பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் எல்லோரும் அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் பஸ் டெப்போ வாசலில் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டிரைவர் எத்தனை மணிக்கு டூட்டி மாறினார் என்று நோட்டில் எழுதிய மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் பால்காரரைப் பார்த்து "நாலு நிமிஷம் லேட்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் தன்னையே நொந்துகொண்டாராம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஒரு கூண்டிலிருந்து வெளியே வந்தவர் நேராக இன்னொரு கூண்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மாடியில் வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி, மொட்டை மாடியில் பதினான்கு பந்தயப் புறாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் தடத்தின் நம்பரைப் பேராக வைத்திருந்தார். எப்போதும் தாமதமாக வரும் சோம்பேறி ஆண் புறாவுக்கு இருபத்தொன்று. கூண்டின் மகாராணியான சாம்பல் நிறப் பெட்டைக்குப் பதினேழு. டெப்போவில் ஒருநாள்கூட நேரம் தவறாத வண்டி அந்த ஒன்றுதான்.

புறாப் பந்தயம் எளிமையான விஷயம். புறாக்களைக் கூடையில் அடைத்து நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டைத் தேடிப் பறந்து வரும். வந்து இறங்கிய நேரத்தை வைத்துத்தான் வெற்றி தோல்வி. மொத்த விளையாட்டும் ஒரே ஒரு நம்பிக்கையில் நடக்கிறது. புறாவுக்கு வீடு என்றால் ஒன்றுதான்.

அந்த ஒரு வீட்டை மாற்ற வேண்டும் என்று அவருடைய வீட்டம்மா சொன்னபோதுதான் வந்தது வினை.

"என் முட்டி போயிடுச்சுங்க. இனிமே அம்பத்தி நாலு படி ஏற என்னால ஆகாது" என்றார் வீட்டம்மா. சும்மா சொல்லவில்லை. ஊரின் அந்தக் கோடியில், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீட்டையும் பார்த்து வைத்துவிட்டுத்தான் சொன்னார். பின்பக்கம் புறாக் கூண்டு வைக்க இடம்கூட இருந்தது.

டைம்கீப்பர் ஒற்றைக் காலில் நின்றார். முட்டை வைத்திருக்கிறது, இப்போது அசைக்கக் கூடாது என்றார். இறகு உதிர்க்கும் காலம் என்றார். பந்தய சீசன் என்றார். சாக்குகள் எல்லாம் தீர்ந்ததும் உண்மையைச் சொன்னார்.

"புது வீட்டுல பொறக்குற குஞ்சு அங்கேயே பழகிக்கும்மா. பழசுங்க அப்படி இல்ல. திறந்துவிட்டா நேரா இங்கதான் வரும். அதுங்களை ஆயுசுக்கும் அடைச்சு வைக்கணும். பதினேழை அடைச்சு வச்சா அது பறக்காமலே செத்துப்போயிடும்."

 

கடைசியில் மகள் நடுவில் புகுந்து ஒரு ஒப்பந்தம் செய்து வைத்தாள். மூன்று மாதம் புது வீட்டில் வாடகைக்கு இருந்து பார்ப்பது. பிடித்திருந்தால் அந்த வீட்டையே வாங்கிக்கொண்டு, பழைய வீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடுவது. பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவது. அதுவரை பழைய வீட்டுச் சாவி டைம்கீப்பரிடம் இருக்கும்.

அவர் கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றி, பலகைக்கு நம்பர் போட்டு, புது வீட்டின் பின்பக்கம் அப்படியே மாட்டினார். புறாக்கள் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து புது வானத்தைப் பார்த்தன. டைம்கீப்பர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இரண்டு பக்கமும் முகம் ஒரே மாதிரிதான் தொங்கிக் கிடந்தது.

இதற்கிடையில் பதினேழு, அத்தனை ஆண்களில் அந்தச் சோம்பேறி இருபத்தொன்றோடு ஜோடி சேர்ந்து இரண்டு முட்டை வைத்தது. மூன்றாவது மாதக் கடைசியில் குஞ்சுகள் பொரிந்தன.

பல் டாக்டர் திங்கட்கிழமை பேச வருவதாகத் தகவல் வந்தது. தகவல் வந்த அன்றே சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே டைம்கீப்பர் மெல்லத் தூண்டில் போட்டார்.

"ஏம்மா, நீ ஒண்ணு சொல்ற, நான் ஒண்ணு சொல்றேன். பேசாம பதினேழையே கேட்டுருவோமா? திறந்துவிடுவோம். இருட்டறதுக்குள்ள எந்த வீட்டுல போய் அடையுதோ, அதான் நம்ம வீடு."

இது அப்பட்டமான அழுகுணி ஆட்டம். பழைய புறா எங்கே போகும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை. வீட்டம்மாவிடம் இந்தப் பருப்பு வேகாது என்று ஒரு பக்கம் பயந்துகொண்டுதான் கேட்டார்.

வீட்டம்மா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "சரி" என்றார்.

டைம்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சரியா?"

"சரிங்க. நீங்க அங்க போய்ப் பாருங்க, நான் இங்க பார்க்கிறேன். ரெண்டு பேரும் கூப்பிடக் கூடாது, தானிய டப்பாவை ஆட்டக் கூடாது. விடுற நேரத்தை மட்டும் நான் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை, மூணரை மணி."

மூன்றரையோ ஐந்தரையோ, அவருக்கு என்ன? வாயெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்றரைக்குக் கூண்டின் கதவு திறந்தது. குஞ்சுகளின் மேல் இருபத்தொன்று உட்கார்ந்திருந்தது. பதினேழு வெளிப்பலகையில் வந்து நின்றது, தலையைச் சாய்த்தது, எழும்பியது. வீட்டுக்கு மேலே மூன்று வட்டம் போட்டது. நாலாவது வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிழக்கே, பழைய வீடு இருக்கும் திசையில், நூல் பிடித்த மாதிரி போனது.

"பாத்தியா! பாத்தியா!" என்று டைம்கீப்பர் குதிக்காத குறை. செருப்பை மாட்டினார். வீட்டம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம், அலமாரியிலிருந்து தானிய டப்பாவை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஆட்டுவதற்கு இல்லை, சும்மா இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாத கை அது.

புறாவுக்குப் பத்து நிமிடத் தூரம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம். பழைய வீட்டு வாசலில் இறங்கியபோது மணி நாலு ஐந்து. இரண்டிரண்டு படியாகத் தாவினார். முதல் மாடியில் அது ஒவ்வொரு படியாகக் குறைந்தது. அதற்கு மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் படி எப்படி உயர்ந்தது என்று புரியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு இரைக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டென்று அங்கிருந்த கதவு திறந்தது. அந்த மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு சின்ன மர முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். "உக்காருக்கா, தண்ணி கொண்டாரேன்" என்றவள் நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நீங்களா! மூச்சு சத்தம் கேட்டுச்சு, அக்கா வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன். கை தானா முக்காலியை எடுத்துடுச்சு."

டைம்கீப்பர் அதில் உட்கார்ந்தார். தண்ணீர் உள்ளே போன பிறகுதான் பேச்சு வெளியே வந்தது. "அக்கா இங்க உக்காருவாளா?"

"தினமும்தான். கடைக்குப் போய்ட்டு வந்தா பத்து நிமிஷம். துணி காயப்போட மேல போறப்ப ஒரு தடவை. முட்டியை ஒரு நாள் அமுக்கிப் பார்த்தேன், வீங்கிக் கிடந்துச்சு."

"எத்தனை நாளா?"

"நாளா? நாலு வருஷம் இருக்கும்."

நாலு வருடம். அந்த நாலு வருடமும் சாயங்கால வேளையில் அவர் மொட்டை மாடியில் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்னையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவருக்குத் தெரிஞ்சா ஒரே நாள்ல புறாவை எல்லாம் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு வீட்டை மாத்திடுவாரு. அப்புறம் அவர் மூஞ்சியை யாரு பார்க்கிறது' அப்படீன்னாங்க. அஞ்சு வீடு பார்த்தாங்க தெரியுமா? புறாக் கூண்டு வைக்க இடமில்லன்னு அஞ்சையும் வேணாம்னுட்டாங்க."

டைம்கீப்பருக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது. டெப்போவில் எழுபது வண்டிகளின் போக்குவரத்து விரல் நுனியில் இருந்தது. சொந்த வீட்டில் ஒருத்தி தினமும் இரண்டாவது மாடியில் நின்று நின்று வந்ததை அவர் நோட்டு பார்க்கவே இல்லை.

மிச்சப் படிகளை ஏறினார். மொட்டை மாடியில், கூண்டு இருந்த இடத்தில், நாலு கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் பதினேழு உட்கார்ந்திருந்தது.

அவரைப் பார்த்ததும் இறங்கித் தொட்டியின் விளிம்புக்கு வந்தது. பையில் கையை விட்டார். டப்பா கையில் தட்டுப்பட்டது. ஒரே ஒரு குலுக்கு, அது தோளில் வந்து உட்கார்ந்துவிடும். கீழே வீட்டைத் திறந்து உள்ளே விட்டால் அடைந்த கணக்கு ஆகிவிடும். இந்த மாடி, இந்த வானம், இந்தச் சாயங்காலங்கள், எல்லாம் திரும்ப அவருடையது. பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

கை டப்பாவை விட்டுவிட்டு வெளியே வந்தது. பழக்கதோஷத்தில் மணி பார்த்தார். நாலு இருபத்தொன்று.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். புறாக்களில் பகல் முழுக்கக் குஞ்சுகளின் மேல் உட்காருவது ஆண். சாயங்காலம் நாலரை வாக்கில் அது எழுந்துவிடும். அப்போதிலிருந்து மறுநாள் காலை வரை பெட்டையின் முறை. முப்பத்திரண்டு வருடம் டூட்டி மாற்றி விட்ட மனிதர், பதினேழுக்கு நாலரைக்கு டூட்டி என்பதை மறந்துவிட்டார். மூன்றரைக்கு விடலாம் என்று சொன்னவர் மறக்கவில்லை.

"அடிப்பாவி!" என்றார் வாய்விட்டு. அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தார். பதினேழு அவரைத் தலை சாய்த்துப் பார்த்தது.

"என்னை என்ன பாக்கற? அங்க அந்த சோம்பேறி எழுந்து போயிடுவான். குஞ்சு ரெண்டும் குளிர்ல கிடக்கும். டூட்டிக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றார். அது அசையவில்லை. அவர் இரண்டு விரலை வாயில் வைத்து, டெப்போ வாசலில் வண்டியை அனுப்புவது போல ஒரு விசில் அடித்தார். "பதினேழு, ரைட்! போலாம்!"

பதினேழு எழும்பியது. அவருடைய விசிலுக்காகவா, குஞ்சுகளின் நினைப்பிலா என்று அதைத்தான் கேட்க வேண்டும். ஒரு வட்டம் போட்டது, மேற்கே திரும்பியது. அது புள்ளியாகிக் காணாமல் போகும்வரை அவர் நின்றார். 

கீழே இறங்கும்போது தையல்காரம்மாவிடம் முக்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏற வேண்டியதாயிற்று. உட்கார இடமில்லை. முக்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர், "பெரியவரே, அதுக்குத் தனி டிக்கெட்" என்றார். பஸ்ஸே சிரித்தது. டைம்கீப்பர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்துக்கு ஓடினால், வீட்டம்மா கூண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூண்டின் வெளிப்பலகையில் இருபத்தொன்று டூட்டி முடிந்த டிரைவர் மாதிரி சோம்பல் முறித்தது. உள்ளே குஞ்சுகளின் மேல் இறகைப் பரப்பிக்கொண்டு பதினேழு.

"நாலு முப்பத்தி ரெண்டு" என்றார் வீட்டம்மா. முகத்தில் வெற்றிக் களை தாங்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் லேட்" என்றார் டைம்கீப்பர். 

அப்போதுதான் வீட்டம்மா அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சொல்லிட்டாளா? பாவி, சொல்லாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னா இதுங்க இருந்திருக்காது."

டைம்கீப்பர் தானிய டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். "எடுத்துட்டுப் போனேன். ஆட்டல."

"எடுத்துட்டுப் போனது தெரியும். அலமாரிக் கதவு கிறீச்சுன்னு சத்தம் போடுமே" என்றார் வீட்டம்மா.

டைம்கீப்பர் முக்காலியைக் கூண்டுக்கு எதிரில் போட்டார். "உக்காரு."

"இங்கதான் படியே இல்லையே."

"பரவால்ல. உக்காரு."

வீட்டம்மா உட்கார்ந்தார். டைம்கீப்பர் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து பழைய வீட்டுச் சாவியை எடுத்துக் கூண்டின் ஆணியில் மாட்டினார். "நாளைக்குப் பல் டாக்டர் வந்தா குடுத்துடு" என்றார். பிறகு பந்தய நோட்டைக் கொண்டுவந்து அன்றைய பக்கத்தில் எழுதினார்: பதினேழு, வீடு வந்த நேரம் 4.32.

கொஞ்சம் யோசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் கீழேயே இன்னொரு வரி எழுதினார்: டைம்கீப்பர், வீடு வந்த நேரம் 5.40.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "ஒரு மணி எட்டு நிமிஷம் லேட்" என்றார்.