இடப்பக்கத்து மான்

கடலைச் சுருளை மகளின் இடக்கையில் திணித்துவிட்டு, நஜ்முன் நிஸா கைப்பையைத் தடவிப் பார்த்தாள். சத்திரசிகிச்சைக்கு அவள் கையெழுத்து வைக்கவேண்டிய தாள் உள்ளே இருந்தது. வீடு திரும்பும் கிண்ணியா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்ததால் தாயும் மகளும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷிஃபானாவுக்குப் பதினேழு வயது. மூளையின் பின்புறத்தில் ஒரு துண்டு பிறவியிலேயே கோணலாக வளர்ந்திருக்கிறதாம். வலிப்பெல்லாம் அங்கிருந்துதான். கோணல் துண்டும் சிலருக்குப் பார்வைக்கு உழைக்கும் என்றும், அப்படியானால் அதை வெட்டியதும் இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் இருண்டுவிடும், அந்த நிலையில் வெட்டமாட்டேன் என்றும் டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். இன்று ஆஸ்பத்திரியில் பார்வையைச் சோதித்தார்கள். கண்ணை அசைக்காமல் நேரே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமத்தவேண்டும். வலப்பக்கத்துப் புள்ளிகளுக்கெல்லாம் அமத்தியவள், இடப்பக்கத்தில் ஒன்றுக்குக்கூட அமத்தவில்லை. "அந்தத் துண்டு வேலை செய்யல்ல. வெட்டினாலும் நட்டமில்ல" என்றார் டொக்டர். பிள்ளைக்குப் பாதிப் பார்வை இல்லை என்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்ன தாய் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நிஸாவுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மான் வந்தது. ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று. மணலில் சத்தமே இல்லை. ஷிஃபானாவின் இடப்பக்கமாக வந்து சுருளுக்கு வாயை நீட்டியது. ஷிஃபானா கடலைப் பார்த்தபடியே, தலையைத் திருப்பாமல், சுருளை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நிஸா மகள் பக்கம் திரும்பினாள்.

"மான் வந்தது உனக்குத் தெரிஞ்சதா?"

"ஓம் உம்மா."

"அப்ப அங்க ஏன் அமத்தல்ல?"

"அமத்தினா வெட்டமாட்டாங்களே. வகுப்புல எல்லாரும் பாக்க வலிப்பு வந்து விழுந்து உடுப்ப நனைச்ச அண்டைக்கே முடிவெடுத்துட்டன். இனி ஏலாது உம்மா. எனக்குப் பாதி போதும். டொக்டர்ட்ட சொல்லிராதீங்க."

கள்ளி! அறையவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் நிஸா இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்தாள். சொன்னால் வலிப்பு மிச்சம், சொல்லாவிட்டால் இருட்டு மிச்சம். எதைத் தன் கையால் பிள்ளைக்குக் கொடுப்பது? அழுகை வந்தது, அழுதாள்.

"இடப்பக்கம் மூணு தோணி நிக்குது உம்மா" என்றாள் ஷிஃபானா, முகம் நேரே இருக்க. "ஒண்டு பச்ச. அதுல ஒராள் வலை உதறுறார். எல்லாத்தையும் இப்பவே பாத்து வெச்சிக்கிறன்."

நிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். மூன்றுதான். பச்சைத் தோணிக்காரர் வலையை உதறிக்கொண்டே இருந்தார்.