தென்னைக்கு உரம்

பிரிஜாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை பிறந்து மாதம் திகையவில்லை, அதற்குள் பிறந்தபோது இருந்த எடையும் குறைந்துவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் தராசிலிருந்து குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "முதல்ல இவளுக்குத் திங்கக் குடுங்கம்மா. மரச்சீனிக் கிழங்கும் கஞ்சித்தண்ணியும் குடிச்சா பால் எங்கேருந்து வரும்?" என்றாள். பிரிஜாவின் தாய் வியாகுலம்மாள் மகளை வீட்டில் கொண்டு விட்டுவிட்டு நேராகத் துறைமுகத்துக்கு வந்தாள், தம்பி செல்வனைத் தேடி.

"ஏலே செல்வா, பெத்தவளுக்குப் பால்சுறா கொண்டு போடண்டியது ஆரு? நான் வந்து கேக்கணுமா?"

அந்தக் கரையில் அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒருத்தி பெற்று எழுந்தால் அவளுடைய தாய்மாமன் பால்சுறா கொண்டு வந்து போடவேண்டும். சின்னச் சுறாக்குட்டிதான். வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் சேர்த்து வதக்கிக் கொடுத்தால் முலை கனக்கும் என்பார்கள். சுறா இல்லாத நாளில் சாளையாவது. மாமன் இல்லாதவளுக்கு, முதலில் கரை பிடிக்கிற வள்ளக்காரன் ஒரு கை அள்ளிப் போடுவான். விலை பேசுவதில்லை.

செல்வன் மீன் குவியலுக்கு நடுவில்தான் நின்றிருந்தான். ஆனால் ஒரு மீனை அவனால் எடுக்க முடியாது. சுனாமியில் வள்ளம் போனபின் பஹ்ரைனுக்குப் படகுவேலைக்குப் போனவன், அங்கே வலையிழுக்கும் விஞ்சில் வலதுகை விரல்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். இப்போது ஒரு மீன்தூள் கம்பெனிக்கு லோடு ஏற்றும் மேற்பார்வை. விசைப்படகுகள் கொண்டுவரும் சாளை, காரல், நெத்தலி, சுறாக்குட்டி எல்லாவற்றையும் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொள்ளும். உலர்த்தி அரைத்த தூள் கப்பலேறிப் போய், குளிர்நாட்டுப் பண்ணைகளில் வளரும் பெரிய மீன்களுக்குத் தீனியாகும்.

இந்த விவரத்தைச் செல்வன் முதன்முதலில் சொன்னபோது வியாகுலம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "மீனுக்குத் திங்க மீனா? அப்பம் அந்தப் பெரிய மீன ஆருலே திங்கது?"

"கடையில வாங்குத வெள்ளக்காரன்."

"அவனுக்கு இந்தச் சாளையவே குடுத்தா என்னலே? முள்ளு தொண்டையில குத்துமா?"

இப்போது அவள் சிரிக்கவில்லை. கூடைக்காரியாக வீடுவீடாகச் சாளை விற்றவள்தான். விற்கச் சாளை கிடைக்காமல் போய் வருஷம் ஆகிறது. மருமகன் பிரைட்டன் கத்தாரில் படகில் இருக்கிறான். முதலாளி சம்பளத்தைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று சேதி மட்டும் வருகிறது. வடசேரிச் சந்தையில் மீன் இருக்கிறது, விலை கேட்டுவிட்டு நகரத்தான் முடியும்.

"யக்கா, ஒரு நாள் பொறு," என்றான் செல்வன் தாழ்ந்த குரலில். "நாளைக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு மதாம்மா பாக்க வாறா. எனக்கு முன்ன நின்ன தாசையன், கைம்பெண்டுவளுக்குக் கறிமீன் அள்ள விட்டான்னு சொல்லித்தான் வேலையவிட்டு ஏத்திவிட்டானுவ. அவ போன ஒடனே நானே வீட்டுக்குக் கொண்டு வந்து போடுதேன்."

"நாளைக்குன்னு எழுதிப் பிள்ளைக்க வாயில ஒட்டட்டா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

மறுநாள் காலை மேனேஜர் ஞானசிங் ஒரு வாளி நிறைய நீலச் சாயத்தோடு வந்தார். தமாஷாகப் பேசுகிற மனுஷர். வாங்குகிற நாட்டில் சனங்கள் இப்போது கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்களாம்: ஏழைகள் தின்னும் மீனை அரைத்தா எங்கள் மீனுக்குப் போடுகிறீர்கள் என்று. அதனால் மனிதர் தின்னாத மீன் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யத்தான் அந்த அம்மாள் வருகிறாள்.

"அதுக்கு நீலம் எதுக்கு சார்?"

"நீலம் ஊத்தின மீன எவனாவது திம்பானா?"

"திங்க மாட்டான்."

"அப்பம் அது மனுசன் திங்காத மீனு. முடிஞ்சில்லா?" ஞானசிங் தம் பேச்சுக்குத் தாமே சிரித்தார். "முந்தாநாள் குவியல முன்னால தள்ளு. இண்ணைக்கு வந்தத லாரியில ஏத்தித் தார்ப்பாய் போட்டு மூடு. நீ இண்ணைக்கு ஒரு நாள் மட்டும் வாயில பசைய வச்சிக்க மக்கா."

முந்தாநாள் குவியலுக்கு ஐஸ் கிடையாது. அரைக்கப்போகிற மீனுக்கு ஐஸ் எதற்கு? இரண்டு வெயில் தின்று கிடந்தது. செல்வன் இடதுகையால் வாளியைச் சாய்த்து ஊற்றினான், கம்பால் கிளறினான். சாளையின் வெள்ளி வயிறும் சுறாக்குட்டியின் சாம்பல் முதுகும் ஒரே நிறமாயின.

மதாம்மா நல்லவளாகத்தான் தெரிந்தாள். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தவில்லை. கூலிக்காரப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினாள். ஈரத்தில் குந்தியிருந்து குவியலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஞானசிங்கை விட்டுவிட்டுச் செல்வனிடமே கேட்டாள். பஹ்ரைன் ஆங்கிலம் அவனுக்குப் போதும், கேள்வி புரிந்தது.

"இந்த மீனை இங்கே யாராவது சாப்பிடுவார்களா?"

"இல்லை, மேடம்," என்றான் செல்வன்.

அதே நேரத்தில் வியாகுலம்மாள் வந்தாள். முந்தின இரவிலிருந்து குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அது செல்வனுக்குத் தெரியாது. யாரையும் பார்க்காமல் குவியலருகே குந்தி, சாயத்துக்குள் கையை விட்டு, சுறாக்குட்டியாகத் தேடிப் பொறுக்கி ஓலைக் கடவத்தில் போட்டாள் அவள். கைகள் மணிக்கட்டுவரை நீலமாயின.

மதாம்மாவின் புருவம் உயர்ந்தது. "இந்த அம்மா எதற்கு எடுக்கிறார்?"

ஞானசிங் செல்வனைப் பார்த்தார். செல்வன் அக்காவைப் பார்த்தான். அது பழைய மீன் யக்கா, தொடாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், என்ன சொன்னாய் என்று மதாம்மா கேட்பாள்; இங்கே மீனை மனிதர் தின்கிறார்கள் என்று ஆகும். லாரி நிற்கும். அவனும் தாசையனைப்போலத் தெருவில் நிற்பான்.

"தென்னைக்கு உரம்," என்றான். ஆங்கிலத்தில் ஒருமுறை. அக்காவுக்குக் கேட்கவேண்டும் என்று தமிழிலும் ஒருமுறை.

வியாகுலம்மாள் தலைதூக்கித் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. அவளுக்குச் சொந்தமாக ஒரு தென்னை கிடையாது. குடியிருக்கும் வீடே சுனாமிக் குடியிருப்பில் ஒற்றை அறை.

"ஆமா," என்றாள். "தென்னைக்குத்தான். காய் பிடிக்க மாட்டேங்குது."

ஞானசிங் மொழிபெயர்த்தார். மதாம்மா புன்னகைத்து, அக்காவையும் கடவத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் நாகர்கோவிலில் சாப்பாடு. செல்வனும் வரவேண்டும் என்று ஞானசிங் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் செல்வன் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். யக்கா எத்தனை வருஷம் மீன் விற்றவள். செவுளைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தால் எந்த நேரத்து மீன் என்று சொல்லிவிடுவாள். செவுள் சிவந்திருந்தால் எடுப்பாள், கறுத்திருந்தால் தூர எறிவாள். கெட்ட மீனை அவள் உலையில் போடமாட்டாள்.

ஓட்டலில் கைகழுவக் குழாயைத் திறந்தான். சோப்பைப் போட்டுத் தேய்த்தும் சாயம் போகவில்லை, நகக்கண்ணெல்லாம் நீலம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றவனுக்குச் சட்டென்று உறைத்தது. செவுளும் நீலமாகத்தானே இருக்கும். எதைப் பார்த்து எறிவாள்?

பிரிஜாவின் போனுக்கு அடித்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். சாப்பாட்டு மேசைக்குத் திரும்பாமல் வெளியே ஓடி, முதலில் வந்த ஆட்டோவை மறித்தான்.

குடியிருப்பில் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் சட்டி, பூண்டு வாசனை அப்போதும் இருந்தது. புளியும் தேங்காய்ச் சவரி நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவிய நீலத் தண்ணீர் வாசலில் தேங்கிக் கிடந்தது. பிரிஜா சுவரில் சாய்ந்திருந்தாள். முகமும் கழுத்தும் தீயில் வாட்டினதுபோல் சிவந்திருந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மடியெல்லாம் வாந்தி.

"நல்லாத் திண்ணா லே," என்றாள் வியாகுலம்மாள். அவள் குரல் அவளுடையதாக இல்லை. "எத்தன நாளைக்குப் பெறவு ரெண்டு தடவ கேட்டு வாங்கித் திண்ணா. சொட்டுநீலம் மாதிரித்தான்னு நெனச்சேன். கழுவினா போவும்னு நெனச்சேன். நாத்தமும் சாயத்துக்க நாத்தம்னுதான் நெனச்சேன்."

வந்த ஆட்டோவிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கெட்ட மீனின் விஷம் என்றார் டாக்டர். ஊசிகள் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது பிரிஜாவின் மூச்சு சீரானது. ஆனால் சொட்டுச்சொட்டாக வந்துகொண்டிருந்த பாலும் அன்றோடு நின்றுபோனது. குழந்தையைத் தனியாக எடுத்து, மூக்கில் குழாய் வைத்தார்கள்.

காலையில் செல்வன் துறைமுகத்துக்குப் போனான். மதாம்மா விமானத்துக்குப் புறப்படும் முன் கடைசியாக ஒரு சுற்று வந்திருந்தாள். ஞானசிங் டீ சொல்லப் போன இடைவெளியில் செல்வன் அவள் முன்னால் போய் நின்றான். உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னான். தென்னை இல்லை. அது என் அக்கா. அவள் மகள் தின்றாள். இங்கே எல்லோரும் இந்த மீனைத்தான் தின்றோம், நீங்கள் வாங்க வரும்வரை.

அவள் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். உண்மையாகவே அவளுக்கு வலித்தது என்பது செல்வனுக்குத் தெரிந்தது. கடைசியில் அவள் சொன்னது இதுதான்:

"நான் உங்களிடம் கேட்டேனே."

"கேட்டீர்கள்," என்றான் செல்வன். "ஆமாம் என்று சொல்லியிருந்தால் மீன் எங்களுக்குக் கிடைத்திருக்குமா? நீங்கள் வேறு கரையில் வாங்குவீர்கள். அங்கேயும் கேட்பீர்கள்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஞானசிங் டீயோடு வந்துவிட்டார். மதாம்மா எதை எழுதுவாள், எதை விடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. கார் புறப்பட்டுப் போனது.

செல்வன் லாரியருகே போய்த் தார்ப்பாயை விலக்கினான். விடியலில் வந்த மீன், செவுள் சிவக்கச்சிவக்கக் கிடந்தது. சுறாக்குட்டிகளாகப் பொறுக்கித் துண்டில் கட்டினான். "லே செல்வா, என்னதுலே செய்ய?" என்று ஞானசிங் பின்னாலிருந்து கத்தினார். அவன் திரும்பவில்லை. நாளைமுதல் இந்த வாசலில் தனக்கு வேலை இல்லை என்று தெரிந்துதான் நடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வியாகுலம்மாள் துண்டைப் பிரித்துப் பார்த்தாள். பழக்கத்தில் ஒரு சுறாக்குட்டியை எடுத்துச் செவுளைப் பிரித்தாள்.

"நல்ல மீனு," என்றாள். பிறகு அதைத் திரும்பத் துண்டிலேயே வைத்தாள். "இப்பம் எதுக்குலே? மீனு வாட அடிச்சாலே ஓக்காளிக்கா. பால் இனி வராதுன்னு சொல்லிட்டாவ."

உள்ளே குழந்தை, குழாயையும் மீறி, எதையோ தேடி வாயைத் திறந்து திறந்து மூடியது. வியாகுலம்மாள் எழுந்து போய், சும்மா சப்பட்டும் என்று விரலை நீட்டினாள். "ஏம்மா, அந்தக் கையையா வாயில வைக்கப்போற?" என்று நர்ஸ் அதட்டினாள்.

அவள் அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு மற்றக் கையை எடுத்தாள். அதுவும் நீலமாகத்தான் இருந்தது.