மேற்கே திரும்பிய டெலஸ்கோப்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். தெருவுக்கே தெரியும், கட்டியவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவளிடம், "ஏட்டி ரூபி, ரிமோட்டுல மறுபடி முதல்ல இருந்து ஆரம்பி" என்று ஒரு மனுஷன் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன ஆகும்?

"நீங்க அங்கன நின்னுக்கிட்டு சுளுவாச் சொல்லுதீங்க அத்தான். இங்கன கொசுக்கடியில நிக்கது நானு" என்று கத்தினேன்.

தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. அங்கே நானும், மூன்று காலில் நிற்கும் டெலஸ்கோப்பும், தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்த போனும். போனுக்குள் என் வீட்டுக்காரர் எபனேசர். கொரியாவில், பூசான் துறைமுகத்தில் நிற்கிற சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கொஞ்ச நேரத்தில் அவர் எஞ்சின் ரூமுக்கு இறங்கியாக வேண்டும். கப்பல் கிளம்பிப் பசிபிக் கடலுக்குள் போய்விட்டால் போன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வியாழனைப் பார்த்துவிட வேண்டும். அவர் அங்கே பைனாகுலரில், நான் இங்கே டெலஸ்கோப்பில்.

இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று தோன்றும். தோன்றட்டும். போன ஜூனில் லீவுக்கு வந்தபோது பெட்டியை விட்டாலும் விடுவார், இந்த டெலஸ்கோப்பை விடமாட்டார் என்று தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டார் வைத்த ஸ்டாண்டு. ஊர், தேதி, மணி எல்லாவற்றையும் ரிமோட்டில் அடித்து, எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அதுவே திரும்பிக் காட்டுமாம். காட்டும், வானம் என்று ஒன்று இருந்தால். ஜூனில் எங்கள் ஊரில் வானத்துக்கு எங்கே போவது? குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஊர் உலகமெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடி வந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்று மேகத்தைத் திட்டினோம். லீவு முழுக்கப் பேருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கண்ணில் படவில்லை. ஆகஸ்டில் அவர் கப்பலுக்குப் போய்விட்டார். டெலஸ்கோப் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு பீரோ பக்கத்தில் நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போவேன்.

இப்போது மார்ச். அருவியில் பாறைதான் தெரிகிறது, லாட்ஜ்காரர்கள் ஈ ஓட்டுகிறார்கள், வானம் கழுவித் துடைத்த மாதிரி கிடக்கிறது. இந்த மாதக் கடைசியில் அவர் வர வேண்டியது. ஆனால் அவருக்குப் பதிலாக ஏற ஆள் கிடைக்கவில்லை, இன்னும் இரண்டரை மாதம் இருக்க முடியுமா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். நேற்று ராத்திரி அதை என்னிடம் சொன்னார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பெண்டாட்டி "உங்க இஷ்டம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு புருஷனுக்குத் தெரியாதா?

"இப்ப எங்கன பாத்து நிக்குது?" என்றார்.

"மேற்க. குத்தால மலைக்கு மேல, பாதி உயரத்துல."

"சரியாத்தானட்டி நிக்குது! எனக்கும் அங்கனதான் இருக்கு. மேற்க, பாதி உயரத்துல, பளிச்சுன்னு. நல்லாக் கண்ண வச்சுப் பாரு."

கண்ணை வைத்தேன். சிவப்பாக ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"ஐயோ அத்தான்! வியாழன்ல சிவப்புப் பொட்டு இருக்கும்னு சொன்னீங்கல்லா? தெரியுது! பொட்டு மட்டுந்தான் தெரியுது!"

"பொட்டு மட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த தெரு செல்போன் டவர் உச்சியில் எரிகிற விளக்கு. சொன்னதும் மனுஷன் சிரித்தார் பாருங்கள், கப்பலே ஆடியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடி எல்லாவற்றையும் சரிபார்த்தோம். ஸ்டாண்டு ஆடாமல் மட்டமாக நிற்கிறதா, நிற்கிறது. முதலில் வடக்கே பார்த்து வைத்தேனா, வைத்தேன். பேட்டரி புதுசு. ஊர் தென்காசி. தேதியில் மாதத்தை முன்னால் போட்டேனா, போட்டேன். பொத்தானை அமுக்கினால் கர்ரென்று திரும்பி மறுபடியும் அதே டவர்.

"அத்தான், என் உச்சந்தலைக்கு நேர ஒண்ணு சொலிக்குது. அதுவா இருக்குமோ?"

"அது வேற எதாவது நட்சத்திரமா இருக்கும். வியாழன் மேற்கதாம்ட்டி. நாந்தான் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கேன்லா?"

"அப்போ உங்க கண்ணக் கழட்டி அனுப்புங்க, பாக்கேன்."

அப்போதுதான் அத்தை படியேறி வந்தார். ஞானபாக்கியம், அவருடைய அம்மா. என் அப்பாவின் கூடப்பிறந்தவரும்கூட. கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏட்டி, மணி என்னாச்சு?" என்று கேட்டார்.

வாட்சைப் பார்த்து, "பத்தே முக்கா அத்தை" என்றேன்.

"பத்தே முக்காலா? இன்னும் சாயங்கால ஜெபமே பண்ணலியேட்டி! உலையே இப்பத்தான வச்சிட்டு வாரேன்?"

எனக்கு முகம் சுட்டது. என் கையில் ஓடுவது பூசான் நேரம், ஊர் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அவர் கப்பலேறியதிலிருந்து அப்படித்தான். கப்பல் துறைமுகம் மாற மாற நானும் வாட்சைத் திருப்பி வைத்துக்கொள்வேன். ஊர் நேரத்தைச் சொல்ல, நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறார்கள், வீட்டில் அத்தை இருக்கிறார். கப்பலில் அவர் தூங்குகிறாரா, சாப்பிட்டிருப்பாரா என்று சொல்ல எனக்கு இந்த ஒரு வாட்ச்தான். ரிமோட்டில் மணி கேட்டபோதெல்லாம் அதைப் பார்த்தே அடித்திருக்கிறேன். டெலஸ்கோப்பும் பாவம், அவருடைய வானத்தில் வியாழன் எங்கே நிற்கிறதோ அங்கேயே திரும்பித் திரும்பி நின்றிருக்கிறது.

"எத்தன நாளா இப்படி என் நேரத்துல இருக்க?" என்றார் அவர், போனுக்குள்ளிருந்து.

"நீங்க போன அன்னையில இருந்து."

"நல்லாத் தூங்குதேன், நல்லா இருக்கேன்னு பேசும்போதெல்லாம் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்க?"

"பைத்தியக்காரி" என்றார். திட்டுகிற குரல் இல்லை.

மணியை அழித்துவிட்டு அத்தையின் போனைப் பார்த்து அடித்தேன். பொத்தானை அமுக்கினேன். டெலஸ்கோப் மலையை விட்டுக் கிளம்பியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய் என் தலைக்கு நேரே நின்றது. தரையில் முட்டி போட்டுக் கண்ணை வைத்தேன். ஐயோ, என்னவென்று சொல்வேன்! சின்னதாக, உருண்டையாக, குறுக்கே இரண்டு பட்டை. பக்கத்தில் ஒரே வரிசையில் நாலு பொடி நிலா.

"அத்தான்! நாலும் இருக்கு! நாலும் வரிசையா இருக்கு!"

"நானும் அதத்தாம்ட்டி பாக்கேன். எனக்கு வெறும் வெளிச்சமாத்தான் தெரியுது, ஆனா அதேதான். ரெண்டு பேரும் ஒண்ணாப் பாத்துட்டோம்லா?"

பார்த்துவிட்டோம். அவ்வளவுதானே நான் ஆசைப்பட்டது? ஆனால் பார்த்த பிறகுதான் ஆசை அடங்காமல் பொங்கியது. தோளோடு தோள் இடிக்க, "நகருட்டி, நான் பாக்கேன்" என்று அவர் என்னைத் தள்ளவேண்டும். அத்தை நிற்பதையும் மறந்துவிட்டேன்.

"அத்தான், நீட்டிக்க வேண்டாம். வந்துருங்க. எனக்கு முடியல. மழைக்கு முந்தி வந்துருங்க."

இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவரிடம் வா என்று நான் சொன்னதில்லை. சொன்னால் அங்கே அவருக்கு வேலை ஓடாது என்று அடக்கி வைத்திருந்தேன்.

அவர் பைனாகுலரை இறக்கினார். "ரூபி, காலையிலயே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டம்ட்டி. நீ உங்க இஷ்டம்னு சொன்ன. கோவத்துல சொல்லுதியோன்னு நெனச்சேன். பெறவு, இவதான் நல்லாத்தான இருக்கான்னு..." அப்புறம், "ஜூன் பாதியில வந்துருவேன்" என்றார்.

"ஜூன்ல இங்கன வானமே இருக்காது அத்தான்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இறங்கணும்ட்டி" என்றார். சரியென்று தலையாட்டினேன். போன் இருண்டது.

கீழே உலை பொங்கி வழிகிற வாசம் மாடிவரைக்கும் வந்தது. அத்தை இறங்கிப் போகவில்லை. என் பக்கத்தில் மெல்லக் குனிந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"வானம் இல்லாட்டி என்னட்டி? எம்புள்ள இருப்பாம்லா."

"எனக்கு ரெண்டும் வேணும் அத்தை" என்றேன்.