அந்தக் கடைசி பாயிண்ட்டை யார் எடுப்பது

இடக்கைக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷமாக டென்னிஸில் டபுள்ஸ் மட்டுமே ஆடிப் பிழைக்கிற மனுஷன். இடது கையால் ஆடுவதால் சக ஆட்டக்காரர்களுக்கு அவன் இடக்கை. வயது முப்பத்து நாலு, இரண்டு முழங்காலிலும் கட்டு. இந்த அரையிறுதியை ஜெயித்தால் தரவரிசையில் முதல் நூறுக்குள் வருவான். அடுத்த மாதத்துப் பெரிய போட்டியில் வாழ்க்கையில் முதல் தடவையாக நேரே இடம் கிடைக்கும். தோற்றால் வாசலோடு சரி.

ஜோடி யார் என்கிறீர்கள்? தங்கை புருஷன். சேர்ந்து ஆட ஆரம்பித்தபோது "டேய்" என்று கூப்பிடலாம், பந்தை விட்டால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை யார் திட்டுவது?

மாப்பிள்ளைக்கு மறுநாள் சிங்கிள்ஸ் பைனல். இடுப்பு பிடித்திருக்கிறது, டபுள்ஸை விட்டுவிடலாமா என்று காலையிலேயே ஜாடையாகக் கேட்டான். இடக்கை கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தான். வந்து ஆடிய லட்சணம் இருக்கிறதே! எட்டுகிற பந்துக்குக்கூடக் கால் நகரவில்லை, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றான். இரண்டு ஆள் ஓட்டத்தையும் ஒருத்தனாக ஓடி இடக்கைக்கு நாக்குத் தள்ளியது.

முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் எதிராளிகள் ஐந்து, இவர்கள் நாலு. எதிராளி சர்வீஸில் நாற்பதுக்கு நாற்பது. டபுள்ஸில் அதற்குமேல் இழுத்தடிப்பது கிடையாது, ஒரே பாயிண்ட்தான். அதை விட்டால் ஆட்டமே முடிந்தது. அந்த சர்வீஸை இருவரில் யார் எடுப்பது என்பதை இவர்களே முடிவு செய்யலாம்.

இடக்கைதான் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவன் திருப்பிய பந்தெல்லாம் எதிராளியின் காலடியிலேயே போய் விழுந்தது. அவன் முன்னால் வந்தபோது, "நான் பாத்துக்கறேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

இங்கேதான் அந்த மடத்தனம் நடந்தது. முடியாது என்ற வார்த்தை வாய்வரை வந்தது. கேலரியில் தங்கை இருந்தாள், பக்கத்தில் அவள் மாமனார் மாமியார். அவர்கள் முன்னால் மாப்பிள்ளையை எப்படித் தட்டிப் பேசுவது? "சரி மாப்பிள்ளை, நீங்களே எடுங்க" என்று ஒதுங்கிவிட்டான். ஊர் உலகத்தில் எந்த டபுள்ஸ் ஜோடியும் இப்படி மரியாதை பார்த்ததில்லை.

சர்வீஸ் சாதாரணமாகத்தான் வந்தது. மாப்பிள்ளை நின்ற இடத்திலிருந்தே மட்டையை நீட்டினான். பந்து எங்கேயோ வெளியே போனது. அது தரையைத் தொடும் முன்பே அவன் கைகுலுக்க வலைக்கு நடந்துகொண்டிருந்தான்.

உடை மாற்றும் அறையில் இடக்கையின் தோளைத் தட்டி, "விடுங்க மச்சான், டபுள்ஸ்தானே" என்றான்.

இடக்கைக்குக் கை துறுதுறுத்தது. ஓங்கி ஒன்று விட்டிருப்பான், தங்கைக்காக அடக்கிக்கொண்டு வெளியே வந்தான். அங்கே அவளே நின்றாள்.

"அண்ணே, உங்க முகமே சரியில்ல. நாளைக்கு பைனல் முடியற வரைக்கும் அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க."

அண்ணன் தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு நேரே போட்டி அலுவலகத்துக்குப் போனான். அடுத்த வாரப் போட்டிக்கு ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி வரை மாற்றலாம். பெயரை அடித்துவிட்டால் அவனுக்கும்தான் ஆட்டம் கிடையாது. தெரிந்தேதான் அடிக்கச் சொன்னான். காயம் என்று போடட்டுமா என்று கேட்டார் அலுவலர். யாருக்கும் ஒரு காயமும் இல்லை, இனிமேல் சேர்ந்து ஆடுவதில்லை என்றே போடுங்கள் என்று கையெழுத்துப் போட்டான்.

பிறகு தங்கைக்கு போன் செய்தான்.

"நீ சொன்ன மாதிரி நான் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கலம்மா. இனிமே கேக்கவும் மாட்டேன். அடுத்த வாரத்துக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் போனை வைத்துவிட்டான்.