ரேடியேட்டர் தண்ணீர் போன வழி

இரண்டு மாதமாக மாப்பிள்ளையின் கார் கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர்; எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை. பெட்டி சீல் உடையாமல் வந்தாலும் உள்ளே எண்ணிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அந்தக் குணம் கிடங்கோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. "கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்தாக்கூட 'உன்ன யாரு அனுப்பிச்சா'ன்னு கேப்பாரு" என்பாள் தங்கை.

காருக்கு சர்வீஸ் செய்தவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவரிடம் விடச் சொன்னதே நான்தான். எண்ணெய் மாற்றி, ரேடியேட்டரில் பழைய தண்ணீரை இறக்கிப் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னால் அந்த வண்டி ஒருநாளும் சூடானதில்லை. சர்வீஸ் முடிந்து பத்தாம் நாள் பாலத்தின் மேல் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அண்ணன் ஒருமுறை வந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டு நாள் வண்டிய விடுங்க, பாக்கறேன்" என்றார். மாப்பிள்ளை விடவில்லை.

"ஒருதரம் விட்டதுக்கே இந்தக் கதி. உள்ள இருந்த நல்ல சாமான எடுத்துட்டு ஏதோ பழசப் போட்டிருக்காரு மச்சான், உங்க அண்ணன். நெருப்பில்லாம புகையாது."

"புகையில்ல, அது ஆவி" என்றேன்.

"சிரிங்க. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, அப்புறம் சிரிக்கலாம்."

கடிதம் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு. ஆஸ்பத்திரி வண்டிகள் பதினொன்றும் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வருகின்றன. அவர் பிழைப்பே அதுதான். வேலையை அவருக்கே தொடர்ந்து கொடுப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். அங்கேயே வேலை பார்க்கிறவர் கையெழுத்தோடு ஒரு புகார் போனால் போதும், அண்ணன் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

கண்ணால் பார்க்காததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்று நாள் தவணை கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. தண்ணீர் நான்கு விரல் கீழே கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி உண்டு; ரேடியேட்டரில் மிஞ்சுகிற தண்ணீர் அதில் வந்து நிற்கும். அதில் கோட்டுக்கு மேலேயே தண்ணீர் நின்றது. இத்தனை நாளும் மாப்பிள்ளை குப்பியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறார். வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண்ணெயிலும் தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. விசிறி ஒழுங்காகச் சுற்றியது.

குப்பியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டரில் குறைந்திருக்கிறது, கீழே ஒழுகவும் இல்லை. அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன். எதிர்வீட்டுக்காரர் செடிக்கு ஊற்றுகிற வாளியைக்கூட எட்டிப் பார்த்தேன். சந்தேகம் கொட்டாவி மாதிரி, பக்கத்தில் இருக்கிறவனுக்கும் தொற்றிக்கொள்ளும்.

அன்று என் கையாலேயே விளிம்புவரை ஊற்றி மூடினேன். புதன்கிழமை காலையில் மறுபடி இரண்டு விரல் குறைந்திருந்தது. அதோடு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ரப்பர் ஹோஸ், யாரோ கையால் அமுக்கிப் பிடித்த மாதிரி சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் மறுபடி அதே 'உஸ்', ஹோஸும் உப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா, மட்டமான ஹோஸ்" என்றார் மாப்பிள்ளை. "நல்லதக் கழட்டிட்டாரு."

அது பழைய ஹோஸா புதிய ஹோஸா என்று எனக்குத் தெரியாது. சர்வீஸுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் எப்போதோ ஒரு கல்யாண வீட்டில், "அப்பப்ப ஒரு சாமான மாத்தினாத்தான் கடை ஓடும்" என்று வேடிக்கையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்திருந்தேன். இப்போது அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு நாள் பாக்கி இருக்கும்போதே, மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கடிதத்தை எழுதிவிட்டேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையிலும் அதே கணக்குத்தான். கடிதம் போவதற்கு முன்னால் ஒருமுறை அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று பிடிவாதமாக மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். நியாயம் பார்க்கிறவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் ஒரு ஆம்புலன்ஸின் அடியிலிருந்து வெளியே வந்தார். "என்னடா தம்பி, ஜட்ஜு மாதிரி நோட்டோட வந்திருக்க?"

குறிப்புகளைப் படித்தேன். குப்பி நிறைந்திருப்பதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டார். ஹோஸ் சப்பையாக இருந்ததைச் சொன்னதும், "போதும்" என்றார். காருக்குப் போய் மூடியைத் துணி வைத்து மெல்லத் திறந்து, திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம் நடுவில் காசு அளவில் ஒரு சின்னத் தகடு. அதன் மேல் பளபளவென்று ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு, நாலு பக்கமும் வழிந்து காய்ந்திருந்தது.

"இது என்ன, நகப்பாலிஷா?"

அண்ணன் நகத்தால் தகட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது ஒரு கதவு மாதிரி. எஞ்சின் சூடானா தண்ணி பொங்கிக் குப்பிக்குப் போகும். ஆறினதும் இந்தக் கதவு திறந்து, போன தண்ணிய ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கும். கதவ ஒட்டிட்டா போனது திரும்பாது. அது உறிஞ்சிப் பாத்து முடியாமத்தான் ஹோஸ் சப்பையாகுது. குப்பி நிறைஞ்சா வண்டி ஓடும்போது ரோட்டுல கொட்டிடும், வீட்டுல ஈரம் எப்படித் தெரியும்? அன்னைக்கு நானும் குப்பியப் பாத்துட்டுத்தான் தண்ணி இருக்குன்னு விட்டேன். மூடியத் திறந்திருக்கணும். சரி, இத வச்சது யாரு?"

மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த டயர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சர்வீஸுக்கு விடறதுக்கு முந்தின நாள் கழட்டற மூடிக்கெல்லாம் அடையாளம் வச்சேன். மாத்தினா தெரியணும்ல."

"அதுக்கு மூடி மேல வைக்கக் கூடாதா?"

"மேல வச்சா நீங்க பாத்து, அதே மாதிரி வேற மூடில வச்சிடுவீங்கன்னு…"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மாப்ள, உங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேரு இருந்தா என் கடை எந்தக் காலத்துக்கும் ஓடும்." புதிய மூடி ஒன்றைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டார். கால் மணி நேரம் ஓடியும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை குனிந்து முள்ளைப் பார்த்தபோது பையிலிருந்த உறை பாதி வெளியே வந்தது. ஆஸ்பத்திரி முகவரி என் கையெழுத்தில் இருந்தது.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "அதப் படி, தம்பி."

மறுக்க முடியவில்லை. நின்றபடியே முழுவதும் படித்தேன். கடிதம் நன்றாகத்தான் இருந்தது. தேதி, இடம், ஒவ்வொரு பத்தியிலும் ஒரு விஷயம். "வேண்டுமென்றே தரம் குறைந்த பாகங்களைப் பொருத்தி" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"வேண்டுமென்றே. அது மாப்ள சொன்னதா?"

"நான் அப்படிச் சொல்லல" என்றார் மாப்பிள்ளை உடனே. "ஏமாத்திட்டாருன்னுதான் சொன்னேன்."

"நான் சேத்ததுதான்" என்றேன். "வாக்கியம் பலமா இருக்கணும்னு."

மாப்பிள்ளை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து, எண்ணெய்த் துணிகள் கிடந்த டின்னில் போட்டார். அண்ணன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டிய எடுத்துட்டுப் போங்க மாப்ள. காலையில ஆறினதும் மூடியத் திறந்து பாருங்க. ஒரு விரல் குறைஞ்சிருந்தாலும் நேரா இங்க வாங்க, எந்நேரமானாலும்." அப்புறம் ஆம்புலன்ஸின் அடியில் படுத்துக்கொண்டு அங்கிருந்தே சொன்னார்: "தம்பி, நீ வர வேண்டாம்."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வேலை அவருக்கே கிடைத்தது. அன்று காலை நான்தான் முதலில் எழுந்து மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்புவரை நின்றது, ஹோஸும் உருண்டையாக இருந்தது. அதை அவரிடம் போய்ச் சொல்ல மாப்பிள்ளை கிளம்பினார். நான் வாசலில் நின்றேன்.